மும்பைக்கு இட்லி கொண்டு வந்தது யார்? சாம்பார் வெல்லம் சாட்சியாம்!

தாராவிக்காரன்:
நம் மும்பைத் தமிழர் குழுவில் நேற்று ஒருவர் எழுதியிருந்தார்: "மும்பைக்கு இட்லி, தோசையைப் பழக்கியது உடுப்பிக்காரர்கள் மட்டுமே. தமிழர்களுக்குப் பங்கில்லை. எந்த ஓட்டலிலும் சாம்பாரைக் குடித்துப் பாருங்கள், வெல்லம் தித்திக்கும். அது உடுப்பிக் கைப்பக்குவம்." படித்ததிலிருந்து வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. விடியுமுன் தாராவிச் சந்துகளில் நடந்தவர் இப்படி எழுதமாட்டார். வீட்டுக்கு வீடு அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருக்கும். அலுமினியப் பாத்திரத்தில் சூடாக அடுக்கி, துணி போட்டு மூடி, ஒரு தூக்கில் தேங்காய்ச் சட்னி, இன்னொன்றில் சாம்பார். பாம் பாம் என்று ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு சைக்கிள்கள் கிளம்பும். வாட்ச்மேன், டாக்ஸிக்காரர், ஆபீஸ் போகிறவர் எல்லாருக்கும் அதுதான் காலை நாஷ்டா. அந்தச் சாம்பாரில் வெல்லம் கிடையாது.

மாட்டுங்காவாசி:
எழுதியது நான்தான். மட்டுமே என்றேன், இப்போதும் அதேதான். எங்கள் மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் கஃபே மெட்ராஸ் 1940-இல் தொடங்கியது. பெயர்தான் மெட்ராஸ், நடத்துவது காமத் குடும்பம். ஸ்டேஷன் பக்கம் ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942. குஜராத்தியையும் மராத்தியையும் உட்காரவைத்து வாழையிலையில் சோறு போட்டது யார்? தாராவிக்காரர் தெருவில் விற்பதைச் சொல்கிறார், நான் ஊரின் ருசியை மாற்றியதைச் சொல்கிறேன். வெல்லமே சாட்சி.

செம்பூர் பாலக்காடு:
மணீஸ் லஞ்ச் ஹோமை மறந்தாச்சா? 1937. ஆரம்பித்தவர் பாலக்காட்டுத் தமிழ் ஐயர். நீங்கள் சொன்ன இரண்டுக்கும் மூத்தது, அதுவும் உங்கள் மாட்டுங்காவிலேயே. அப்புறம் எங்கிருந்து வந்தது இந்த "மட்டுமே"?

தாராவிக்காரன்:
நன்றாகக் கேட்டீர்கள். ஆனால் ஒன்று. எங்கள் பொங்கல் விழாவுக்குக் கூப்பிட்டால் "நாங்கள் கேரளா" என்பீர்கள், இட்லி என்றதும் தமிழராகிவிடுகிறீர்கள்.

செம்பூர் பாலக்காடு:
மூன்று தலைமுறையாக வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். உங்களிடம் சான்றிதழ் வாங்க வேண்டுமா? உதவிக்கு வந்தவனையே அடிக்கிறீர்களே!

காட்கோபர் ராணி:
வெல்லத்துக்கு வருவோம். மாட்டுங்கா முழுக்கக் கட்ச் பக்கத்துக் கச்சிகளும் குஜராத்திகளும். அவர்கள் பருப்பிலேயே இனிப்பு போடுவார்கள். அவர்கள் நாக்குக்காகத்தான் இங்கே சாம்பார் தித்திக்கிறது. உடுப்பிக்குச் சாட்சி ஒன்றும் இல்லை.

மாட்டுங்காவாசி:
உடுப்பிக்கு ஒரு நடை போய் வாருங்கள் அம்மா. அங்கே எந்தக் குஜராத்திக்காக வெல்லம் போடுகிறார்கள்?

சயான் கோலிவாடா:
எல்லாரும் வெல்லத்திலேயே மூழ்கிவிட்டீர்கள். மும்பைச் சாப்பாட்டில் எதுதான் வந்தேறிகள் கை படாதது? எங்கள் பேட்டையின் இறால் வறுவலான பிரான் கோலிவாடாவைக் கோலி மீனவர் சமையல் என்று ஊரே நம்புகிறது. அதைப் பொரித்துப் பேர் வாங்கியவர்கள் பிரிவினைக்குப் பின் அகதிகளாக வந்த பஞ்சாபிகள். ரொட்டிக்குள் வடை வைத்த வடா பாவ் எடுத்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு, மிளகாய், பாவ் ரொட்டி மூன்றுமே போர்த்துகீசியர் வழியாக வந்தவை. ஈரானி ஓட்டல் இல்லாமல் மும்பையில் சாயாவும் வெண்ணெய் தடவிய பன் மஸ்காவும் ஏது? கயானி என்ற ஈரானி ஓட்டல் 1904-லிருந்து இருக்கிறது.

தாராவிக்காரன்:
ஈரானியும் பஞ்சாபியும் இருக்கட்டும். அவர்கள் பங்கை யாரும் பிடுங்கவில்லையே, எங்கள் பங்கைத்தானே பிடுங்குகிறார்கள்! வெல்லம் போடாத சாம்பாரோடு தினம் ஊரெல்லாம் சுற்றும் சைக்கிளுக்குப் பதில் சொல்லுங்கள்.

மாட்டுங்காவாசி:
1966-இல் சிவசேனா தொடங்கிய பிறகு தென்னிந்தியர் எதிர்ப்பில் கல்லடி பட்டது எது? உடுப்பி ஓட்டல். கண்ணாடி உடைந்தும் ஷட்டரைத் தூக்கி மறுநாள் மாவரைத்தார்கள். அந்தப் பெருமையில் பங்கு கேட்க உங்களுக்குக் கூச்சமில்லையா?

தாராவிக்காரன்:
இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "லுங்கி ஹட்டாவ்", லுங்கிக்காரனை விரட்டு, என்று கத்தியவன் உன் ஊர் உடுப்பியா திருநெல்வேலியா என்று விசாரித்துவிட்டா அடித்தான்? அவனுக்கு எல்லாரும் மதராசி. ஓட்டல்காரருக்காவது இறக்க ஒரு ஷட்டர் இருந்தது. தெருவில் கூடையோடு நின்றவனுக்கு என்ன இருந்தது? தோல் பதனிட வந்த எங்கள் தாத்தாமார் நாற்றம் பிடித்த சேற்றில் குடிசை போட்டார்கள். பாட்டிமார் ஆட்டுக்கல்லில் கை தேய அரைத்தார்கள். அவர்களுக்குப் பெயர்ப் பலகை கிடையாது, தொடங்கிய ஆண்டை எழுதி மாட்டச் சுவரும் கிடையாது. அதனால் அவர்கள் கணக்கிலேயே இல்லையா? நீங்கள் எண்ணுவது பலகைகளை. சாப்பிட்ட வாய்களை எண்ணுங்கள்.

காட்கோபர் ராணி:
சாம்பாரே தஞ்சாவூர் மராத்தியர் அரண்மனையில் பிறந்தது என்றொரு கதை உண்டு. அப்படியென்றால் மராத்திக்காரர்தான் பங்கு கேட்க வேண்டும்.

மாட்டுங்காவாசி:
கதையெல்லாம் வேண்டாம். ஆண்டு சொல்லுங்கள். தாராவி சைக்கிள் எந்த ஆண்டு?

தாராவிக்காரன்:
மறுபடியும் ஆண்டு! சாம்பாரில் வெல்லம் இருப்பது உடுப்பிக்குச் சாட்சி என்றால், இல்லாதது எங்களுக்குச் சாட்சி. இதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

செம்பூர் பாலக்காடு:
எனக்கும் பதில் வரவில்லை. நான் தமிழனா இல்லையா?