கேன்சல்: ‘ரத்து’ வேண்டாம், ‘கடைக்குறை’ என்று வைக்கலாமா?

அன்புடைய நண்பர்களுக்கு வணக்கம்.

இருவர் மோதும் சண்டைக் கணினி ஆட்டமான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கு நாம் எழுதிவரும் தமிழ்க் கையேட்டில், கேன்சல் என்ற சொல்லுக்கு ‘ரத்து’ என்று போட்டுவிட்டு மேலே செல்லலாம் என ஏறக்குறைய முடிவு செய்திருந்தோம். அந்த முடிவை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓர் அடி பட்டதும் அதன் மிச்ச அசைவை முடிக்காமலே அடுத்த அடிக்குத் தாவுவதுதான் கேன்சல். இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்பவர் முதலில் தடுக்கி நிற்கும் இடமே அதுதான். அங்கே வைக்கும் சொல் தவறாக இருந்தால், அதை அடுத்து வரும் பத்துப் பாடங்களும் தவறாகவே விளங்கும்.

வரைவின் முதல் அத்தியாயத்தை என் அக்கா மகனிடம் படிக்கக் கொடுத்தேன். அவனுக்கு 13 வயது, இந்த ஆட்டத்துக்குப் புதியவன். “குனிந்தபடி நடு உதை உதைத்து, அதை ரத்து செய்து ஹடோக்கென் விடவும்” என்று அதில் எழுதியிருந்தேன். (ஹடோக்கென் என்பது ரியூ என்ற ஆட்டவீரன் கையிலிருந்து எறியும் ஆற்றல் உருண்டை.) அவன் உதைக்கும் பொத்தானை அழுத்தினான். அழுத்திய கையோடு குச்சியைப் பின்னால் இழுத்தான். ரியூ உதைத்து முடித்துக் காலை மடக்கிக்கொண்டு சும்மா நின்றான். ஏழெட்டு முறை இதையே செய்த பிறகு, “ரத்து பண்ணச் சொல்லியிருக்கீங்களே மாமா, அப்போ உதை படக்கூடாதுன்னுதானே அர்த்தம்? நிறுத்தவே முடியலையே” என்றான். பிழை அவனுடையது அன்று. பயணச்சீட்டை ரத்து செய்தால் பயணம் இல்லை. கூட்டத்தை ரத்து செய்தால் கூட்டம் இல்லை. ரத்தான எதுவும் நிகழ்வதில்லை என்பதுதான் அந்தச் சொல் நமக்குத் தரும் பொருள். ஆட்டத்திலோ உதை பட்டுவிட்டது, எதிராளியின் உயிர்க்கோடும் குறைந்துவிட்டது. அப்படியானால் எது ரத்தானது என்ற கேள்விக்கு அந்தச் சொல்லில் விடை இல்லை.

என்ன நடக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆட்டம் நொடிக்கு 60 சட்டகங்களாக (ஃபிரேம், அதாவது திரையில் மாறும் ஒவ்வொரு படம்) ஓடுகிறது. எந்த அடிக்கும் மூன்று பகுதிகள் உண்டு என்பதையும், அவற்றுக்கு ஓங்குநிலை, படுநிலை, மீள்நிலை என்று பெயர் வைப்பதையும் முன்பே ஒப்புக்கொண்டோம். கை ஓங்கும் நேரம் முதலாவது. பட்டால் வலிக்கும் நேரம் இரண்டாவது. நீட்டிய கையை மடக்கி, அடுத்த செயலுக்கு ஆயத்தமாகும் வரை வேறொன்றும் செய்ய முடியாமல் நிற்கும் நேரம் மூன்றாவது. சப்பானிய ஆட்டக்காரர்கள் இந்த மூன்றாவதை ‘கோச்சொக்கு’, அதாவது விறைப்பு, என்கிறார்கள். மீண்டுவருவதைப் பற்றி அந்தச் சொல் பேசவில்லை. அசையமுடியாமல் விறைத்து நிற்பதைப் பேசுகிறது. நம் ‘மீள்நிலை’யைவிட அது ஆட்டக்காரரின் தவிப்பை நன்றாகவே சொல்லிவிடுகிறது. ஆனாலும் மூன்று பெயர்களும் ஒரே அச்சில் வார்த்தவை போல அமைந்துவிட்டதால், நம்முடையதை மாற்றவேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

கணக்குக்காக ஓர் உதையின் ஓங்குநிலைக்கு 7 சட்டகம், படுநிலைக்கு 3, மீள்நிலைக்கு 18 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 28 சட்டகம், ஏறக்குறைய அரை நொடி. இதில் பெரும்பங்கு கடைசிப் பகுதிக்கே போய்விடுகிறது. உதை பட்ட கணத்தில் இருவர் உருவமும் சில சட்டகங்கள் உறைந்து நிற்கும். அந்தச் சிறு இடைவெளிக்குள் ஹடோக்கெனுக்கான அசைவைக் கொடுத்து முடித்தால், படுநிலையில் எஞ்சியதும் அந்த 18 சட்டகமும் இல்லாமலே போய், ஹடோக்கெனின் ஓங்குநிலை உடனே தொடங்கிவிடும். பயிற்சி அறையில், சட்டகங்களை நிறக் கட்டங்களாகக் காட்டும் சட்டக அளவியைத் திறந்துவைத்தால் இதைக் கண்ணாலேயே காணலாம். வெறும் உதைக்குப் பச்சை, சிவப்பு, பிறகு நீளமாக நீலக் கட்டங்கள் வரிசையாக விழும். கேன்சல் செய்தால் சிவப்பை அடுத்து நீலம் வராது. நேரே மறுபடியும் பச்சை வரும். என் அக்கா மகனுக்கு நான் வாயால் சொன்னது எதுவும் விளங்கவில்லை. அந்த நீலம் காணாமற்போனதைக் கண்டதும் விளங்கிவிட்டது. நம் சொல்லும் அந்த நீலத்தின் இன்மையைத்தான் சொல்லவேண்டும்.

முன்மடல்களில் வந்த மற்ற இரண்டு சொற்களையும் இங்கேயே பார்த்துவிடலாம். ‘இடைவெட்டு’ நல்ல சொல்தான், ஆனால் அது நமக்கு வேறோர் இடத்தில் தேவைப்படும். ஒருவர் ஓங்கிக்கொண்டிருக்கும்போதே எதிராளியின் அடி முந்திப் பட்டு அந்த ஓங்கலை நிறுத்திவிடுவது இந்த ஆட்டத்தில் நிமிடத்துக்குப் பலமுறை நடப்பது. அதற்கு இடைவெட்டைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ‘முறிப்பு’ என்பதில் வன்மை இருக்கிறது, ஆனால் எது முறிகிறது, யார் முறிக்கிறார் என்ற தெளிவு இல்லை. எதிராளியின் தடுப்பை உடைப்பதும் முறிப்புத்தானே என்று யாரும் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

என் பரிந்துரை ‘கடைக்குறை’. பள்ளியில் படித்த இலக்கணம்தான். தாமரை என்பது மரை என நின்றால் முதற்குறை. ஓந்தி என்பது ஓதி என நின்றால் இடைக்குறை. நீலம் என்பது நீல் என நின்றால் கடைக்குறை. சொல் அழியவில்லை, பொருளும் மாறவில்லை, கடைசிப் பகுதி மட்டும் குறைந்து நிற்கிறது. ரியூவின் உதைக்கு நேர்வதும் இதுவே: ஓங்கியது நிற்கிறது, பட்டது நிற்கிறது, கடை மட்டும் இல்லை.

இலக்கணம் அறிந்தவர்கள் இங்கே ஒரு குறுக்குக் கேள்வி கேட்கலாம். கடைக்குறை செய்யுளின் தேவைக்காக வருவது. பின்னால் வேறொரு சொல் வந்து சேர்வதால் ஈறு போவது புணர்ச்சியில் வரும் கெடுதல். மரம் என்பதோடு வேர் சேரும்போது மகரம் கெட்டு மரவேர் ஆகிறதே, ஆட்டத்தில் நடப்பதற்கு அதுதானே நெருக்கம் என்று அவர்கள் கேட்டால், ஆம் என்றே சொல்வேன். ஹடோக்கென் வந்து சேர்வதால்தான் உதையின் ஈறு போகிறது. அது வராவிட்டால் நீலக் கட்டங்கள் 18-உம் ஒழுங்காக வந்தே தீரும். ஆனால் ‘கெடுதல்’ என்ற சொல் இன்று பாலுக்கும் பெயருக்கும் உரியதாகிவிட்டது. ‘கெட்ட உதை’ என்று எழுதினால் தவறிப்போன உதை என்றே படிப்பார்கள். ஆகவே விளக்கத்தைப் புணர்ச்சியிலிருந்தும் பெயரைக் குறை விகாரத்திலிருந்தும் எடுத்துக்கொள்கிறேன்.

புணர்ச்சியை விளக்கத்துக்கு வைத்துக்கொள்வதில் இன்னொரு பயன் உண்டு. கேன்சலுக்கு எப்போதும் இணையாகப் பேசப்படுவது லிங்க். முதல் அடியின் மீள்நிலை முழுவதும் முடிந்த பிறகு, எதிராளி இன்னும் தடுமாற்றத்திலிருந்து தெளியாத அந்த ஓரிரு சட்டகத்துக்குள் இரண்டாம் அடியைத் தொடுப்பது அது. எதுவும் குறையவில்லை, இரண்டும் முழுமையாக நின்றபடியே சேர்கின்றன. பொன்னும் மலையும் சேர்ந்து பொன்மலை ஆவது போல, இயல்பு புணர்ச்சி. லிங்க்குக்கு ‘இயல்தொடுப்பு’ என்று வைத்தால், இயல்தொடுப்பு ஒருபுறம், கடைக்குறை மறுபுறம் என இரண்டும் ஒன்றையொன்று விளக்கிக்கொண்டு நிற்கும். ‘இணைப்பு’ என்ற சொல்லை இதற்குத் தரவேண்டாம். வலையிணைப்பு பற்றிய அத்தியாயத்தில் அது பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

கேன்சல் என்ற சொல் நிரலாளரின் இருக்கையிலிருந்து பார்த்து வைத்தது போல இருக்கிறது: ஓடிக்கொண்டிருக்கும் அசைவை நிறுத்து, அடுத்ததை ஓட்டு. 1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 உருவானபோது இப்படி அடிகள் தொடர்வதே திட்டமிட்டு வைத்ததன்று. காரை உடைக்கும் இடைச்சுற்றில் பிழை தேடிக்கொண்டிருந்த தயாரிப்பாளர் நொரிதாக்கா ஃபுனாமிசு, ஒரு குத்தின் அசைவுக்குள் கூடுதல் அடிகள் விழ முடிவதைக் கண்டார். இதன் கால நுட்பம் மிகக் கடினம், யாருக்கும் பயன்படாது என்று எண்ணி, நீக்காமல் மறைவான ஒன்றாக விட்டுவைத்தார். பிறகு இந்த வகை ஆட்டங்கள் அனைத்துக்கும் அதுவே அடித்தளம் ஆயிற்று. சப்பானியர்களும் ஆங்கிலச் சொல்லையே ‘கியான்செரு’ என்று எடுத்துக்கொண்டார்கள். நாமும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்ற கருத்தை நான் இகழவில்லை. ஆடும்போது ‘கேன்சல் பண்ணு’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் கையேடு விளக்குவதற்காக எழுதப்படுவது. படித்த உடனே பொருள் தெரியும் சொல் ஒன்று அதில் இருக்கவேண்டும்.

2023 ஜூன் மாதம் வந்த இந்த ஆறாம் ஆட்டத்தில் அந்தத் தேவை இன்னும் கூடியிருக்கிறது. டிரைவ் ரஷ் என்னும் பச்சை ஒளிப் பாய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். தற்காப்பு நிலையிலிருந்து பாய்ந்தால் இத்தகைய செயல்களுக்குச் செலவாகும், ஆறு கட்டம் கொண்ட டிரைவ் அளவியில் ஒரு கட்டம் போதும். அதே பாய்ச்சலை ஓர் அடியின் கடையை அறுத்துக்கொண்டு செய்தால் மூன்று கட்டம் போய்விடும், அதாவது அளவியில் பாதி. ஏன் இத்தனை விலை என்று புதியவர்கள் கேட்பார்கள். ‘பாய்ச்சல் ரத்து’ என்று எழுதினால் பாய்ச்சலைக் கைவிடுவதாகவே தோன்றும், பொருள் தலைகீழாகிவிடும். ‘பாய்ச்சற் கடைக்குறை’ என்றால், பாய்ச்சலால் கடையைக் குறைப்பது, அந்தக் கடைக்குத்தான் இந்த விலை என்பது தானே விளங்கும். மாடர்ன் என்ற எளிய கட்டுப்பாட்டு முறையில் துணைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஒரே அடியைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறவருக்கு ஆட்டமே இதையெல்லாம் செய்துகொடுக்கிறது. தான் செய்வது இன்னதென்று அறியாமலே செய்கிறவருக்குப் பெயர்தான் முதல் விளக்கம்.

மற்ற கூட்டுச் சொற்கள் எளிதாகவே அமைகின்றன. ஹடோக்கென் போன்ற சிறப்படிக்குள் போவது சிறப்படிக் கடைக்குறை, உச்ச அடிக்குள் (சூப்பர்) போவது உச்சக் கடைக்குறை. கேன்சல் செய்ய இயலாத அடிக்கு, எடுத்துக்காட்டாக ரியூ குனிந்தபடி காலை வாரும் வலிய உதைக்கு, ‘கடைக்குறையா அடி’ எனலாம். குறையாத என்பது குறையா என நிற்கும்போது அந்தச் சொல்லுக்கே ஈறு கெட்டிருக்கிறது என்பதை எழுதும்போதுதான் கவனித்தேன், மகிழ்ச்சியாக இருந்தது.

எதிர்ப்பாக இரண்டு வரும் என்று எதிர்பார்க்கிறேன். ‘குறை’ என்றால் குற்றம் என்று படிப்பார்கள் என்பது ஒன்று. பெயராக வரும் ‘குறை’க்கு அந்த வாய்ப்பு உண்டு. ஆனால் குறைத்தல் என்பதற்கு வெட்டுதல் என்ற பொருள் பழையது. மரங்குறைத்தல் என்ற வழக்கு அதற்குச் சான்று. கையேட்டில் முதன்முறை வரும் இடத்தில் ‘கடையைக் குறைத்து’ என்று வினையாக எழுதிவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும். மற்றொன்று, ‘கடை’ என்றதும் அங்காடி நினைவுக்கு வருவது. கடைசியும் கடைக்கண்ணும் கடைப்பிள்ளையும் அன்றாடம் வழங்கும் மொழியில், அடிகளைப் பற்றிய பேச்சின் நடுவே அந்தக் குழப்பம் நிலைக்காது என்று நம்புகிறேன். அப்படியும் தயக்கம் இருப்பவர்கள் ‘ஈற்றுக்குறை’ என்பதை எண்ணிப்பார்க்கலாம். பொருள் ஒன்றே, ஒலி மட்டும் சற்றுக் கடினம்.

பதிவு இப்படி இருக்கலாம்: “கடைக்குறை: ஓர் அடி எதிராளியின் மேல் பட்டதும், அல்லது அவர் அதைத் தடுத்ததும், அதன் மீள்நிலை நிகழாதபடி அடுத்த செயலைத் தொடங்குதல். முதல் அடியின் பயன் அப்படியே நிற்கும். காற்றில் போன அடிக்குப் பெரும்பாலும் கடைக்குறை இல்லை.”

இதில் சேராத ஒன்று மீதம் இருக்கிறது. சப்பானியர்கள் ‘கரா’, அதாவது வெறுமை, என்ற அடைமொழி சேர்த்துச் சொல்லும் கேன்சலில், முதல் அடி படுவதற்கு முன்பே, ஓங்குநிலையிலேயே கைவிடப்படுகிறது. அந்த ஓங்கலில் உடல் முன்னே நகர்ந்த சிறு தூரம் மட்டும் அடுத்த செயலுக்குக் கிடைக்கிறது. அங்கே கடை மட்டும் குறையவில்லை, அடியே இல்லை. இதற்கு ‘வெற்றோங்கல்’ என்று வைக்கலாமா, அல்லது நாம் விட்டுவிட்ட ‘ரத்து’ என்ற சொல்லுக்கே இங்கே ஓர் இடம் தரலாமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.