கிரீன் ஸ்டஃப்ல (மஞ்சள், நீலம் ரெண்டையும் கலந்து பிசைஞ்சா இறுகுற எப்பாக்ஸி புட்டி) குட்டி யாளி பொம்மை செய்றேன், பிடரி சுருள் நசுங்கிட்டே இருக்கு, ஐடியா குடுங்க

மலைக்கோட்டை_டைஸ்:
வணக்கம் மக்களே. எங்க டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், டேபிள்ல உக்காந்து ஆடுற கதை விளையாட்டு) குரூப்புக்கு ஒரு யாளி பொம்மை வேணும். கடைல கிடைக்கிற கிரிஃபின், மான்டிகோர்னு வெளிநாட்டு கற்பனை மிருகம் எதையாச்சும் வச்சு இதான் யாளின்னு ஒப்பேத்த மனசு வரல, அதனால நானே செஞ்சிடலாம்னு உக்காந்துட்டேன். விளையாட்டுல வர்ற 28 மிமீ ஆள் பொம்மைங்க பக்கத்துல நிக்கணும், அதனால தோள் வரைக்கும் 40 மிமீ, 50 மிமீ பேஸ். கம்பி முறுக்கி எலும்புக்கூடு பண்ணி கார்க்ல குத்தியாச்சு, உடம்பும் ஓரளவு வந்துருச்சு. தலைதான் படுத்துது. கோயில் தூண்ல இருக்குற மாதிரி பிடரி சுருள் சுருளா வேணும், ஒரு பக்கம் போட்டுட்டு மறுபக்கம் திருப்பினா முதல் பக்கம் விரல் ரேகையோட சப்பையாயிடுது. துதிக்கை ராத்திரி நிமிர்த்தி விட்டா காலைல தொங்கிக்கிட்டு கிடக்கு. கிரீன் ஸ்டஃப் விக்கிற விலைக்கு எம்-சீல்ல முடிச்சிடலாமா? அப்புறம் இத்தனூண்டு வாய்க்குள்ள பல்லு எப்படிங்க வைக்கிறீங்க?

ஊசிமுனை:
ப்ரோ, முழுத்தலையையும் ஒரே மூச்சுல முடிக்கப் பாக்குறீங்க, அங்கதான் சிக்கல். ஒரு பக்கம் போடுங்க, அப்படியே வச்சிட்டு தூங்கப் போங்க, காலைல கல்லா இருக்கும், அப்புறம் மறுபக்கம். அவசரம்னா டேபிள் லேம்ப் சூட்டுல வச்சா சீக்கிரம் இறுகும். நம்ம ஊர் வெயில்ல கலக்கின புட்டி எப்படியும் வேகமாத்தான் இறுகும், அதனால கொஞ்சம் கொஞ்சமா கலக்குங்க. கையில பிடிக்கிறது கார்க்கை மட்டும்தான், பொம்மைய தொடவே கூடாது.

துதிக்கைக்கு உள்ள கம்பி இருக்கா இல்லையா? இல்லேன்னா தொங்கத்தான் செய்யும். மெல்லிசு கம்பி ரெண்ட முறுக்கி உள்ள விடுங்க, முறுக்குல புட்டி நல்லா கவ்விக்கும். முதல்ல ஒரு மெல்லிய பூச்சு மட்டும், அது காஞ்சப்புறம் மேல தோல். சுருக்கம் கீறுறத உடனே பண்ணாதீங்க, அரைமணி முக்கால்மணி விட்டு புட்டி கொஞ்சம் விறைச்சதும் பிளேடு விளிம்ப குறுக்க அழுத்துங்க, கோடு அப்படியே நிக்கும்.

சுருளை தலை மேலயே செய்யாதீங்க. ஒரு டைல்ஸ் துண்டுல லேசா தண்ணி தடவி நூல் மாதிரி உருட்டுங்க, ஒரு முனை கூர்மையா போகணும், அதை டைல்ஸ் மேலயே சுருட்டி அரைமணி விட்டுடுங்க. அதுக்குள்ள தலைல புதுசா ஒரு மெல்லிய படலம் பரப்பி வைங்க, அப்புறம் சுருளை பிளேடு நுனியால எடுத்து அது மேல வச்சு நடுவுல ஊசியால ஒரு குத்து. கழுத்துக்கிட்ட கீழ் வரிசைல ஆரம்பிச்சு மேல வாங்க, ஓடு வேய்ற மாதிரி மேல் வரிசை கீழ் வரிசைய கொஞ்சம் மூடணும்.

பல்லு கடைசி வேலை. வாயும் உதடும் நல்லா காஞ்சப்புறம் குட்டி குட்டி கூம்பா உருட்டி ஊசி நுனில ஒட்டி எடுத்து வைங்க, உதடு இறுகிட்டதால எதுவும் கலையாது.

மெழுகுபல்:
ஊசிமுனை அண்ணா சொன்னதுதான், அதோட ரெண்டு விஷயம். பாக்கெட்ல மஞ்சளும் நீலமும் ஒட்டின பட்டையா வந்திருந்தா நடுவுல ரெண்டும் தொட்டுக்கிற இடத்த மெல்லிசா வெட்டித் தூக்கிப் போட்டுடுங்க, அங்க ஏற்கனவே இறுகியிருக்கும், கலந்தா மணல் மாதிரி கட்டி கட்டியா நிக்கும். அளவும் எப்பவும் சரிபாதி இருக்கணும்னு இல்ல, மஞ்சள் கூடினா இளக்கமா ஒட்டும், மெதுவா காயும், பிடரிக்கு அது நல்லது. நீலம் கூடினா கெட்டி, நகம் கவசம் மாதிரி விளிம்பு கூரா வேண்டிய இடத்துக்கு அது.

டூலுக்கு பெரிய செட்டெல்லாம் வாங்காதீங்க. டென்டல் சப்ளை கடைல லெக்ரான் கார்வர்னு கேளுங்க, பிடிஎஸ் பசங்க மெழுகுல பல்லு செதுக்குறது அதுலதான், நான் அந்தப் பொழப்புல இருக்கேன்ங்கிறதால சொல்லல, நெசமாவே அது ஒண்ணு போதும். கூட சிலிக்கான் முனை வச்ச ஷேப்பர் ஒண்ணு இருந்தா விரல் ரேகைய தடவி எடுத்துடலாம். டூல் ஒட்டாம இருக்க வாசலின் தடவினா அடுத்த அடுக்கு போடறதுக்கு முன்ன சோப்பு போட்டு கழுவுங்க, இல்லேன்னா ஒட்டாது.

எம்-சீல் பைப் ஒழுகுறத அடைக்கிற சமாச்சாரம், நைசா வராது. உடம்புக்குள்ள ரொப்ப ஓகே, முகத்துக்கு வேண்டாம். எதுவானாலும் கிளவுஸ் போடுங்க, எப்பாக்ஸி சில பேருக்கு தோல்ல அரிப்பு கிளப்பிடும், ஒருதடவ ஒத்துக்காம போச்சுன்னா அப்புறம் தொடவே முடியாது. தேய்க்கிறப்ப மாஸ்க்கும்.

ரெசின்ராசு:
இவ்ளோ கஷ்டம் எதுக்கு? கம்ப்யூட்டர்ல பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல செஞ்சு ரெசின்ல 3டி பிரிண்ட் போட்டா ஒரு நாள்ல முடிஞ்சது. நசுங்கினா கண்ட்ரோல் இசட்.

ஊசிமுனை:
ராசு, அவரு கையால செய்யத்தானே கேக்குறாரு 😄 பிரிண்ட் தப்புன்னு சொல்லல, ஆனா ஸ்க்ரீன்ல பெருசாக்கிப் பாத்தே பழகினவங்க முடி முடியா இழைக்கிறாங்க, பிரிண்ட் ஆகி டேபிள்ல வச்சா ஒண்ணும் தெரியாது. 28 மிமீங்கிறது பாதத்துலேர்ந்து கண்ணு வரைக்கும், அதாவது கிட்டத்தட்ட அறுபதுல ஒரு பங்கு. 5 மிமீ கனமுள்ள வாளை அப்படியே சுருக்கினா 0.1 மிமீ கூட வராது, உடைஞ்சு போயிடும், அதனாலதான் இந்த அளவுல கை, தலை, ஆயுதம் எல்லாம் வேணும்னே குண்டா வைக்கிறது. கையில செய்யறப்ப ஊசியே அவ்ளோ நுணுக்கமா போக விடாது. மலைக்கோட்டை, உங்க பிடரிலயும் சுருள் கம்மியா, பெருசா இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு பத்து பன்னெண்டு போதும், பெயிண்ட் அடிக்கிறப்ப நீங்களே கும்பிடுவீங்க.

மலைக்கோட்டை_டைஸ்:
ரொம்ப தேங்க்ஸ் எல்லாருக்கும். கார்வர் வாங்கியாச்சு அக்கா, கடைக்காரர் எந்த காலேஜ்னு கேட்டாரு. கீழ் வரிசை சுருள் இப்ப காயுது. இன்னொண்ணு, மறுபடி செய்ய தெம்பில்ல, இதையே ரெண்டு மூணு காப்பி எடுக்க முடியுமா?

மெழுகுபல்:
சிலிக்கான் மோல்டு போட்டு ரெசின் ஊத்தலாம். ஆனா துதிக்கை வளைவுக்குள்ளயும் வாய்க்குள்ளயும் சிலிக்கான் மாட்டிக்கும், எடுக்கிறப்ப கிழியும். காப்பி எடுக்கிறதா இருந்தா துதிக்கைய நெஞ்சோட ஒட்டின மாதிரி வைங்க, இடைவெளிய புட்டியால அடைச்சிடுங்க. பல்லு வைக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிக்கோங்க.