அந்த ஒத்த ஓட்டு மதுரை ஓட்டுதான், எவன் இல்லங்குறது?

வைகைக்கரை: 1999 ஏப்ரல் 17ல வாஜ்பாய் அரசு 269-270னு ஒத்த ஓட்டுல கவுந்துச்சுல்ல, அதக் கவுத்தது ஒடிசா முதல்வர் கிரிதர் கமாங்னு ஒருத்தன் வீடியோ போட்டிருக்கான். வெளக்கெண்ண, அப்ப மதுரை எம்பி யாரு? சுப்பிரமணியன் சுவாமி. சோனியாவையும் ஜெயலலிதாவையும் டீ பார்ட்டில ஒக்கார வச்சதே அவருதான். எதிர்த்துப் போட்டாரு. அந்த ஒத்த ஓட்டு மதுரை ஓட்டு.

திருமங்கலத்தான்: அண்ணே எதிர்த்துப் போட்டவங்க 270 பேரு, அதுல மதுரை மட்டும் எப்படிண்ணே ஒசத்தி? கமாங் முதல்வராகி ரெண்டு மாசம் ஆகியும் எம்பி பதவிய விடாம வந்து போட்டாரு, அதான் பேச்சு. அவரு வரலைன்னா 269-269, அப்புறம் சபாநாயகர் பாலயோகி ஓட்டு. அவரு தெலுங்கு தேசம், வாஜ்பாய்க்கு ஆதரவுக் கட்சி. கணக்கு முடிஞ்சது.

வைகைக்கரை: சுவாமி வரலைன்னாலும் 269-269தான தம்பி, கணக்கு வாத்தியார்ட்ட நல்லா அடி வாங்கிருப்ப போல.

தல்லாகுளம் 77: ரெண்டு பேருக்கும் ஒரு விசயம். அது நம்பிக்கையில்லாத் தீர்மானம் இல்ல, அதிமுக ஆதரவ வாபஸ் வாங்குனதும் குடியரசுத் தலைவர் நாராயணன் கேட்டுக்கிட்டு வாஜ்பாயே கொண்டு வந்த நம்பிக்கைத் தீர்மானம். முதல்வரா இருக்கவரு ஆறு மாசத்துக்குள்ள சட்டமன்றத்துக்குள்ள வந்தாப் போதும், அது வரைக்கும் எம்பியா இருக்கத் தடையில்ல. பாலயோகியும் கமாங் மனசாட்சிக்கே விட்டுட்டாரு.

வைகைக்கரை: வந்துட்டாரு சட்டமேதை. போன மாசம் ராஜ்யசபாவையும் கலைக்கலாம்னு இதே எடத்துல சண்ட போட்டது யாரு? தோத்தா ஜிகர்தண்டா வாங்கித் தரேன்னியே, எங்க அது?

தல்லாகுளம் 77: நான் அப்படிச் சொல்லவே இல்ல. பேச்ச மாத்தாதீங்க.

மேலூர்க்காரி: காஷ்மீர் சைபுதீன் சோஸ ஏன் யாருமே பேச மாட்றீங்க? தேசிய மாநாட்டுக் கட்சி கொறடா சொன்னத மீறிப் போட்டாரு, கட்சிய விட்டே தூக்குனாங்க. அவரு கட்சி சொன்னபடி போட்டிருந்தா 270-269ன்னு அரசு தப்பிச்சிருக்கும், சபாநாயகர் ஓட்டே தேவையில்ல.

வைகைக்கரை: ஏம்மா காஷ்மீர் வரைக்கும் போற, நான் மதுரையப் பேசுறேன். அதிமுக பதினெட்டு எம்பியும் வெளிய வந்ததுனாலதான ஓட்டெடுப்பே வந்துச்சு, அவங்கள வெளிய இழுத்தது யாரு, டீ குடுத்தது யாரு? மதுரை எம்பி. அப்ப ஓட்டு யாரு ஓட்டு? மதுரை ஓட்டு. இத மறுக்க ஒருத்தன் வரட்டும் பாப்போம்.

திருமங்கலத்தான்: அம்புட்டுப் பெருமைன்னா அடுத்த தேர்தல்லயே ஏன்ணே மதுரை சிபிஎம் மோகன அனுப்புச்சு?

வைகைக்கரை: அது வேற. நீ மொதல்ல ஊருக்குள்ள பேரு போட்டு எழுது. திருமங்கலம் விருதுநகர் தொகுதி, மதுரை எம்பியப் பத்திப் பேச ஒனக்கு என்ன இருக்கு?

திருமங்கலத்தான்: தொகுதி பிரிச்சது 2008லண்ணே. நீங்க 1999 பேசுறீங்க.

தல்லாகுளம் 77: ஜிகர்தண்டான்னு நான் எங்க சொன்னேன், ஸ்கிரீன்ஷாட் போடுங்க.

வைகைக்கரை: போடுறேன் இரு. மதுரை ஓட்டுதான்.