டயட் இருந்தால் மனசு தெளியுமா? (இல்லை, 1570-ஆ 1800-ஆ?)

எடைக்கல்: "டயட்ல இருக்கிறவர் எந்நேரமும் சாப்பாட்டுப் பேச்சே பேசினா மன உறுதி இல்லைன்னு அர்த்தம்" என்று இரும்புமனம் சார் தீர்ப்பு எழுதிட்டார். மினசோட்டா பட்டினி ஆய்வு, 1944-45. அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 36 ஆரோக்கியமான ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். நாளுக்குச் சராசரி 1570 கலோரி. சமையல் புத்தகம் படிச்சாங்க, தட்டை நக்கினாங்க, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தாங்க. காதல், அரசியல் எல்லாம் பேச்சிலிருந்தே போச்சு. எல்லாருக்கும் ஒரே சமயத்தில் உறுதி தொலைஞ்சிடுச்சா?

இரும்புமனம்: 1570 இல்லை, 1800. எண்ணே தப்பு, மீதியை ஏன் படிக்கணும்?

எடைக்கல்: 1570-தான். 1950-ல் வந்த இரண்டு தொகுதி அறிக்கையைப் பாருங்க. எடை இறங்கும் வேகத்தைப் பார்த்து ஆளாளுக்கு ரொட்டி, உருளைக்கிழங்கு அளவை மாத்தினாங்க. அதனால்தான் "சராசரி"ன்னு சொன்னேன்.

இரும்புமனம்: மாத்திக்கிட்டே இருந்தா 1570 மட்டும் எப்படி நிலைச்சது? 1800.

பசிமறந்தவள்: எதுவா இருந்தா என்ன? ரெண்டுமே இப்போ பல பேர் பிடிக்கிற 1200 கலோரி டயட்டை விட அதிகம்!

எடைக்கல்: அம்மா, அந்த ஒப்பீடும் அரைகுறை. அவங்க வாரம் 35 கிலோமீட்டர் நடந்த ஆண்கள். அதுக்கு முன்னாடி சுமார் 3200 சாப்பிட்டவங்க. தேவையில் பாதியா வெட்டினதுதான் விஷயம். நாளுக்கு 300-500 கலோரி மட்டும் குறைச்சா இவ்வளவு மோசமாகாது. "இது கூடாது, அது கூடாது"ன்னு பட்டியல் போட்டா அது வேற சிக்கல். 1975-ல் ஹெர்மன், மேக்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் செய்த சோதனையில், முதலில் மில்க் ஷேக் குடிச்ச டயட்காரங்க குடிக்காத டயட்காரங்களை விட அதிகமா ஐஸ்க்ரீம் சாப்பிட்டாங்க. விதி ஒருதரம் உடைஞ்சதும் "இனி என்ன"ங்கிற நினைப்பு.

தராசுத்தட்டு: கலோரி இல்லைங்க, கிலோகலோரி. அலகே தெரியாம 24 வாரக் கணக்கு!

எடைக்கல்: பேச்சு வழக்கில் கலோரிதான். முன்னாடி இங்கே நடந்த புரதச் சண்டையில் கிராமையும் அவுன்ஸையும் குழப்பினவர் நீங்கதானே?

தராசுத்தட்டு: அதை இன்னுமா சுமக்கிறீங்க? பசியில் வர்ற எரிச்சல் போல.

பசிமறந்தவள்: நான் கேட்டது 1200 பத்தி. அதை யாரும் பேசலையே.

எடைக்கல்: பேசினேன். பாதியா வெட்டினது என்ற வரியைத் திரும்பப் படிங்க.

இரும்புமனம்: 1800.

எடைக்கல்: பக்க எண் கொடுங்க சார்.

இரும்புமனம்: நீங்க முதல்ல கொடுங்க.