பால்டிக் சாலையில் கைகோத்து நின்றவர்களைச் சந்தித்தபோது

எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா ஆகிய மூன்று நாடுகளுக்கும் செல்வோரில் பலர் டாலின், ரிகா, வில்னியஸ் ஆகிய தலைநகரங்களின் பழைய வீதிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அந்த வீதிகள் அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் நான் அங்கே தேடிச் சென்றவர்கள் 1989 ஆகஸ்ட் 23 அன்று மாலை ஏழு மணிக்குச் சாலையில் நின்ற மனிதர்கள். ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத் ஒன்றியமும் 1939-இல் இரகசியமாகத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்ட நாடுகளில் இம்மூன்றும் அடங்கும். அந்த உடன்படிக்கையின் ஐம்பதாம் ஆண்டு நாளில், டாலினிலிருந்து ரிகா வழியாக வில்னியஸ் வரை, அறுநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவுக்கு, சோவியத் ஆட்சியிலிருந்து விடுதலை கோரி ஏறத்தாழ இருபது இலட்சம் பேர் கைகோத்து நின்றனர். ‘பால்டிக் சாலை’ என்று அழைக்கப்படும் மனிதச் சங்கிலி அதுதான். அன்று இளைஞர்களாக இருந்தவர்களில் பலர் இன்று அறுபதைக் கடந்துவிட்டதால், இதைத் தள்ளிப்போட முடியாத பயணமாகவே கருதினேன்.

டாலினிலிருந்து ரிகா செல்லும் விரைவுப் பேருந்துகள் கடலோரமாகப் பர்னு நகர் வழியே செல்கின்றன. மனிதச் சங்கிலியோ உள்நாட்டில் ராப்லா, வில்யாந்தி ஊர்களின் வழியாகச் சென்றது. ஆகவே நான் வில்யாந்தியில் இறங்கித் தங்கினேன். நான் தங்கிய வீட்டின் உரிமையாளரான மூதாட்டி முதல் நாள் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை. எஸ்தோனியர்களின் இந்த அமைதியைப் புறக்கணிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. மறுநாள் காலை, கறுப்பு ரொட்டியும் வெண்ணெயும் வைத்துவிட்டுத் திரும்பியவரிடம் அந்த மாலையைப் பற்றிக் கேட்டதும், எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டார். வாகன நெரிசலில் தமக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை அடைய முடியாமல், கார் நின்ற இடத்திலேயே கைக்குழந்தையோடு இறங்கி நின்றதாகவும், யாரோ ஒருவர் காரின் வானொலியைச் சத்தமாக வைத்திருந்ததாகவும் சொன்னார். அச்சமாக இல்லையா என்று கேட்டேன். அச்சம் அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளிலும் இருந்தது, அன்று ஒருநாள்தான் அதைத் தனியாகச் சுமக்கவில்லை என்றார்.

ரிகாவில் கேட்டது வேறு வகையானது. என் மனத்தை அதிகம் வருத்தியதும் அதுவே. செப்பலின் வான்கப்பல் கொட்டகைகளின் இரும்புச் சட்டங்களைக் கொண்டு கட்டப்பட்டு 1930-இல் திறக்கப்பட்ட மத்தியச் சந்தையில், புகையூட்டிய மீன் விற்கும் ரஷ்ய மொழி பேசும் பெண்மணி ஒருவரோடு, அவருடைய மகளின் உதவியால் உரையாடினேன். சோவியத் காலத்தில் தொழிற்சாலை வேலைக்காக வந்து குடியேறிய பெற்றோருக்கு ரிகாவிலேயே பிறந்த அவர், இன்றும் லாட்வியாவின் குடியுரிமை இல்லாதவர்களுக்கான கடவுச்சீட்டையே வைத்திருக்கிறார். தேர்தலில் வாக்களிக்க இயலாது. அந்த மாலை உடன் வேலை செய்தவர்கள் சாலைக்குச் சென்றபோது, தம்மை யாரும் தடுக்கவும் இல்லை, அழைக்கவும் இல்லை என்றார். ரஷ்ய மொழியினர் சிலரும் அந்தச் சங்கிலியில் நின்றிருக்கிறார்கள் என்பதை அவரே குறிப்பிட்டார். சோவியத் ஆட்சியில் அந்நாடுகள் அனுபவித்த நாடுகடத்தல்களை எண்ணும்போது மொழியையும் குடியுரிமையையும் பற்றிய அந்நாட்டு மக்களின் கவலை எனக்கு நியாயமாகவே படுகிறது. எனினும் அந்தப் பெண்மணியின் குரலைக் கேட்காமல் இந்தக் கதையைச் சொல்வது முறையாகாது என்பதும் என் உறுதியான கருத்து.

ரிகாவிலிருந்து தெற்கே பௌஸ்கா, பனெவேஜிஸ் வழியாகச் செல்லும் சாலை சங்கிலி நின்ற தடத்தையே பெரும்பாலும் பின்பற்றுகிறது. பேருந்தில் என் அருகில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற லித்துவேனிய ஆசிரியர், பனெவேஜிஸ் நெருங்கியதும் தாம் மாணவர்களோடு நின்ற பகுதியைச் சன்னல் வழியே காட்டினார். அவர் நீண்ட நேரம் பேசியது 1991 ஜனவரி 13-ஐப் பற்றித்தான். வில்னியஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தைக் காக்க வெறுங்கையோடு நின்ற மக்கள் மீது சோவியத் படையினர் நடத்திய தாக்குதலில் 14 பேர் உயிரிழந்தனர். அவ்விரவு அவரும் அங்கே இருந்திருக்கிறார். 2020 ஆகஸ்ட் 23 அன்று, அண்டை நாடான பெலாரஸின் மக்களுக்கு ஆதரவாக வில்னியஸிலிருந்து எல்லைவரை மக்கள் மீண்டும் கைகோத்தபோது பேரனையும் அழைத்துச் சென்றதாகச் சொன்னார்.

மூன்று நாடுகளும், உள் எல்லைகளில் பொதுவாகக் கடவுச்சீட்டுச் சோதனை இல்லாத ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில் இருப்பதாலும் யூரோவையே பயன்படுத்துவதாலும் எல்லைகளைக் கடப்பதில் சிரமமில்லை. செல்லவிருப்போர் வில்யாந்தி, பனெவேஜிஸ் போன்ற தலைநகரல்லாத ஊர்களில் ஓரிரு இரவுகளாவது தங்குங்கள். முதியவர்களிடம் நீங்களே பேச்சைத் தொடங்குங்கள்.