கோத்தகிரி வீட்டுக் குழு: அப்பாவின் மூச்சுப் பரிசோதனை

செல்வி: வயிற்றுப் புண் உண்டாக்கும் எச். பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்த்த அப்பாவின் ரிசல்ட் வந்துவிட்டது. போட்டோ கீழே.

முரளி: மடிப்பில் எண் தெரியவில்லை

செல்வி: 2.1. இந்த லேப் தாளில் 4-க்கு மேல் போனால்தான் பாசிட்டிவ். நெகட்டிவ் என்று போட்டிருக்கிறார்கள்.

பெரியப்பா: முருகா! வெறும் வாயு என்று அப்போதே சொன்னேன்

குன்னூர் அத்தை: அப்போ ஞாயிறு வளைகாப்புக்கு அண்ணன் வருவார்தானே

செல்வி: இருங்கள் அத்தை. இப்போதுதான் அப்பா சட்டைப் பையில் மாத்திரை அட்டையைப் பார்த்தேன். 15-ல் 4 தான் மிச்சம். டெஸ்டுக்குப் போன காலை வரை பான்டபிரசோல் என்ற கேஸ் மாத்திரை போட்டிருக்கிறார். இந்த நெகட்டிவை நம்ப முடியாது. முதலில் ஒரு பையில் ஊதச் சொன்னார்கள், பிறகு யூரியா கலந்த தண்ணீர் கொடுத்து, அரை மணி கழித்து இன்னொரு பையில். வயிற்றில் எச். பைலோரி கிருமி இருந்தால் யூரியாவை உடைக்கும், அதிலுள்ள ‘கார்பன் 13’ என்ற சற்றே கனமான கார்பன் மூச்சோடு வெளியே வரும். இரண்டு பைக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 2.1. கேஸ் மாத்திரை கிருமியைக் கொல்லாது, அடக்கி வைத்துவிடும். கிருமி இருந்தும் எண் குறைந்து காட்டும். டெஸ்டுக்கு முன்னால் 2 வாரம் அந்த மாத்திரை கூடாது. ஆன்டிபயாடிக் என்றால் 4 வாரம்.

முரளி: யாரும் சொல்லவில்லையா

செல்வி: சீட்டின் பின்பக்கம் இருக்கிறது. நாம்தான் திருப்பிப் பார்க்கவில்லை.

பெரியப்பா: கிருமியாவது ஒன்றாவது. விடியற்காலையில் வெறும் வயிற்றில் மூன்று டம்ளர் டீ குடித்தால் புண் வராதா? வேண்டுமானால் ரத்தத்தில் பாருங்கள்

செல்வி: எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள் பெரியப்பா. ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல் என்ற டாக்டர் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சி வரவழைத்துக் காட்டினார். 2005-ல் ராபின் வாரனோடு நோபல் பரிசு. ரத்தப் பரிசோதனை, கிருமி போன பிறகும் பாசிட்டிவ் காட்டலாம்.

சித்தி: பின்வாசலுக்கு யாரும் வராதீர்கள். மூன்று காட்டுமாடு பீன்ஸ் பாத்திக்குள் நிற்கிறது

முரளி: கன்று?

சித்தி: ஒன்று

குன்னூர் அத்தை: தோட்டத்தைப் பாகம் பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு வேலி போடத் தெரியவில்லை

பெரியப்பா: அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்

முரளி: மறுபடி டெஸ்ட் எப்போது

செல்வி: மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. டாக்டர் சரி என்றால் அதிலிருந்து 2 வாரம். அன்றைக்கு 6 மணி நேரம் வெறும் வயிறு. அப்படியே மேட்டுப்பாளையம் வளைவுகளில் இறங்கினால் அப்பாவுக்குக் குமட்டும். முந்தின இரவே கோவையில் தங்க வேண்டும்.

முரளி: சிங்காநல்லூர் மாமா வீட்டிலா

சித்தி: அந்தப் படி ஏற மாட்டார்

அப்பா: ஏறுகிறேன். கார் யார் எடுப்பது

முரளி: எனக்கு நைட் ஷிப்ட்

குன்னூர் அத்தை: ஞாயிறு சாப்பாடு போடலாமா கூடாதா, அதைச் சொல்லடி

செல்வி: காரம் குறைத்துப் போடுங்கள் அத்தை. மாத்திரையை வளைகாப்புக்கு முன்னால் நிறுத்துவதா பின்னாலா என்று நாளை டாக்டரைக் கேட்கிறேன்.

சித்தி: மாடு இன்னும் போகவில்லை