பதவி உயர்வுக் கோப்பு எங்கே சிக்குகிறது? அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள்: அனுபவப் பகிர்வு

பதிவு

உதவிப் பேராசிரியராக எட்டு, பத்து வருடம் ஓடிவிடுகிறது, இணைப் பேராசிரியர் பதவி வருவதில்லை. இதில் நிறத்துக்குப் பங்கு உண்டா என்றால், உண்டு. 2000-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வு, 1980 முதல் 1989 வரை உதவிப் பேராசிரியர் ஆனவர்களைத் தொடர்ந்து பார்த்தது. 1997-க்குள் பதவி உயர்வு பெற்றவர்கள் வெள்ளையரில் 46 விழுக்காடு, ஆசியரில் 37. கறுப்பினத்தவர், அமெரிக்கப் பூர்வகுடிகள், மெக்சிகோ, புவர்ட்டோ ரிக்கோ வழியினர் அடங்கிய பிரிவில் 30 மட்டுமே. துறை, பாலினம், பட்டம், டெனியூர் (நிரந்தரப் பணி உறுதி), என்.ஐ.எச் (அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள்) தரும் ஆய்வு நிதி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளி மறையவில்லை. "நிதி வாங்காததால்தான் உயரவில்லை" என்பவர்களுக்கு அதுவே பதில்.

நிதியே சமமாக வருகிறதா என்பது அடுத்த கேள்வி. 2011-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, படிப்பு, பயிற்சி, வெளியீடு எல்லாவற்றையும் சரிக்குச் சரி வைத்த பிறகும், ஆர்01 என்ற என்.ஐ.எச்-இன் முக்கிய ஆய்வு நிதி கிடைக்கும் வாய்ப்பு கறுப்பின ஆய்வாளர்களுக்கு 10 விழுக்காட்டுப் புள்ளி குறைவு என்று காட்டியது.

உங்கள் கல்லூரிகளில் கோப்பு எந்த இடத்தில் நிற்கிறது, எழுதுங்கள்.

பதில் 1

பெரும்பாலும் பதவி உயர்வுக் குழுவின் அறைக்கு வருவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. கோப்பை அனுப்புவதா வேண்டாமா என்று முதலில் தீர்மானிப்பவர் துறைத் தலைவர். அவர் "இன்னும் ஒரு வருடம் போகட்டும்" என்றால் அது நிராகரிப்பாக எங்கும் பதிவாகாது. அதனால் ஆண்டு மதிப்பீட்டில் "எந்த அளவுகோல் இன்னும் எட்டவில்லை?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னால், அன்றே மின்னஞ்சலில் சுருக்கி அனுப்பி "சரிதானா" என்று கேளுங்கள்.

அடுத்த சிக்கல் வெளிக்கடிதங்கள், அதாவது உங்கள் பணியை மதிப்பிட்டு வெளியார் எழுதும் கடிதங்கள். எண்ணிக்கை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆனால் உங்களோடு கட்டுரை எழுதாத, உங்களுக்குப் பாடம் நடத்தாத வேறு கல்லூரிப் பேராசிரியர்கள் எழுத வேண்டும் என்பது பொதுவிதி. அப்படிப்பட்டவர்கள் உங்களை அறிய வேண்டுமானால் யாராவது உங்களைக் கருத்தரங்க மேடைக்கும் இதழ்க் குழுவுக்கும் பரிந்துரைத்திருக்க வேண்டும். அந்தப் பரிந்துரைதான் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. மூன்று வருடம் முன்பே பெயர்ப்பட்டியல் தயாரித்து, அவர்கள் துறையில் உரை நிகழ்த்த வாய்ப்புக் கேளுங்கள்.

பதில் 2

'சிறுபான்மை வரி' பற்றி யாரும் சொல்லவில்லையே. துறையில் கறுப்பினப் பேராசிரியர் ஒருவரே இருந்தால், மாணவர் சேர்க்கைக் குழு, பன்மைத்துவக் குழு, சிறுபான்மை மாணவர் வழிகாட்டல் எல்லாம் அவர் தலையில் விழும். வாரத்தில் அரை நாள் போகும். அது கோப்பில் 'சேவை' என்ற தலைப்பின் கீழ் ஒற்றை வரியாகச் சுருங்கும், ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் உள்ள எடை அதற்குக் கிடையாது. ஒப்புக்கொள்ளும் முன், பணிநேரத்தில் எத்தனை விழுக்காடு இதற்கு ஒதுக்கப்படும் என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் எத்தனை மாணவர், எத்தனை மணி, அவர்கள் பிறகு எங்கே போனார்கள் என்று குறித்து வைத்து, 'கற்பித்தல்' பகுதியில் போடுங்கள். வழிகாட்டலும் கற்பித்தல்தானே!

பதில் 3

நம்மூரிலிருந்து போனவர்கள் கவனிக்க: கே08, கே23 என்ற என்.ஐ.எச் நிதிகள் இரண்டுக்கும் அமெரிக்கக் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு கிரீன் கார்டு வரிசை பத்தாண்டுக்கு மேல் நீள்கிறது. மருத்துவர் ஒருவரின் ஆய்வு நேரத்தைக் காப்பவை இந்த நிதிகள்தான். கே23 வந்தால் பொதுவாக 75 விழுக்காடு நேரம் ஆய்வுக்கு ஒதுங்கும், அறுவைத் துறைகளில் சற்றுக் குறையும். வராவிட்டால் முழு நாளும் நோயாளிகளோடு போகும், கட்டுரை எழுத இரவுதான் மிஞ்சும். கே99 என்ற இன்னொரு நிதி, விசாவில் இருப்பவர்களுக்கும் திறந்திருக்கிறது. ஆனால் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்காலத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே விண்ணப்பிக்க வேண்டும், பேராசிரியர் வேலையில் சேர்ந்த பிறகு முடியாது. ஆர்01-க்குக் குடியுரிமை கேட்பதில்லை, கல்லூரி வழியாக விண்ணப்பிக்கலாம்.

பதில் 4

"ஆசியர்தான் நிறையப் பேர் இருக்கிறார்களே" என்ற பேச்சுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆசிரியர் எண்ணிக்கையில் நிறைய, உண்மைதான். துறைத் தலைவர், டீன் நாற்காலிகளில் அந்த விகிதம் இல்லை. முதல் பதிவில் ஆசியருக்குச் சொன்ன 37 விழுக்காட்டையும் மறக்க வேண்டாம்.

பணிநியமனக் கடிதத்தில் எந்தத் தடம் (ஆய்வா, மருத்துவச் சேவையா என்ற பணிப்பிரிவு) என்று எழுதியிருக்கிறது என்பதையும் இன்றே எடுத்துப் பாருங்கள். மருத்துவச் சேவைத் தடத்தில் சேர்த்துவிட்டு, ஆய்வுத் தடத்தின் அளவுகோலால் கோப்பை எடைபோடுவது நடக்கிறது. தடம் மாற்றக் கெடு உண்டு. அதைத் துறை அலுவலகத்தில் கேட்பதைவிட, கல்லூரியின் ஆசிரியர் விவகார அலுவலகத்தில் நேரே கேட்பது நல்லது.